கேத்தலின் அடியில் ஒரு கணக்கு

கொழும்பு கிராண்ட்பாஸ் வீடொன்றின் குசினியில் விடியற்காலையில் முதலில் சூடேறுவது கேத்தல். நாளுக்கு ஐந்து தடவை அதைக் கையில் எடுப்பவர்கள்கூட அதன் அடியைத் திருப்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால், அங்கே ஒட்டியிருக்கும் சிறிய தாளில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும்: 220–240 வோல்ட், 1850–2200 வாட். கொழும்புக் கடைகளில் விற்பனையாகும் கேத்தல்கள் பலவற்றில் இதே எண்கள்தான்.

பலர் இதை ஏதோ கம்பனிக்காரன் தோராயமாக எழுதியது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர் வரும். 1850ஐ 220ஆல் வகுத்தால் 8.4 அம்பியர். இனி வோல்ட்டை அந்த அம்பியரால் வகுத்தால் தடை: 220ஐ 8.4ஆல் வகுக்க, ஏறத்தாழ 26.2 ஓம். அடுத்த சோடி எண்களையும் பார்ப்போம். 2200ஐ 240ஆல் வகுத்தால் 9.17 அம்பியர், 240ஐ 9.17ஆல் வகுத்தால் மறுபடியும் 26.2 ஓம். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கேத்தலுக்குள் இருக்கும் சூடாக்கும் சுருள் ஒன்றே ஒன்று. அதன் தடையும் ஒன்றே. வோல்ட் கூடிக் குறைந்து வந்தால் அந்தச் சுருள் எவ்வளவு வலுவை எடுக்கும் என்பதைத்தான் அந்த இரண்டு வரிகளும் சொல்கின்றன. தாளில் தடையை யாரும் எழுதவில்லை. ஆனாலும் அதை வாசித்துவிடலாம்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த பிள்ளை எதுவும் இந்தக் கணக்கைச் செய்துவிடும். அழுத்த வித்தியாசம், ஓட்டம், தடை, வலு என்ற நான்கு சொற்களும் நம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் வலுவைத் திறன் என்கிறார்கள். நம் பாடப்புத்தகக்காரர்கள் தேர்ந்தெடுத்த வலு என்ற சொல்லே வீட்டுப் பேச்சுக்கு நெருக்கமானது. ஒரு முக்கோணம் வரைந்து, வேண்டியதை விரலால் மறைத்து, மிச்சத்தைப் பெருக்கியோ பிரித்தோ விடை எழுதப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். பரீட்சையில் புள்ளியும் கிடைக்கிறது. அதே பிள்ளை வீட்டுக்கு வந்து, பழைய 5 அம்பியர் உருண்டை முள் பிளக் பேஸில் ஓர் அடப்டரைச் செருகி, அதில் இந்தக் கேத்தலைக் கொளுவுகிறது. 5 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1150 வாட். அந்தப் பேஸ் தாங்க வேண்டிய உச்ச அளவு அவ்வளவுதான். கேத்தல் கேட்பதோ 230 வோல்ட்டில் 8.8 அம்பியர், ஏறத்தாழ 2020 வாட். ஒரு பெருக்கல் கணக்கு பாடசாலை வாசலைத் தாண்டி வராமல் நின்றுவிட்டது. இதை மாற்றவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வந்தது.

கிராண்ட்பாஸ் போன்ற வட்டாரத்தில் இது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். பலாமரச் சந்தியைச் சுற்றியும் நாகலகம் வீதியின் ஒழுங்கைகளிலும் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்கும் தோட்ட வீடுகளில், ஒரு தலைமுறைக்கு முன் செய்த வயரிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வயரிங் போட்ட நாளில் வீட்டில் இருந்தது இரண்டு பல்பும் ஒரு ரேடியோவும். இன்று அதே வயரில் ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர், கேத்தல், அயன், மூன்று போன் சார்ஜர், மாடியில் புதிதாக எழும்பிய அறையின் ஃபேன் எல்லாம் தொங்குகின்றன. 13 அம்பியர் சதுர முள் பிளக்கையே நாட்டின் நியமமாக இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அறிவித்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அறிவிப்பு வந்தது; சுவருக்குள் இருக்கும் வயரும் பேஸும் தாமாக மாறிவிடவில்லை.

பிளக் பேஸ் எப்படிக் கருகுகிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்கவேண்டும். வயரிங் பாஸ் ஒருவர் கழற்றிய பேஸ் ஒன்று; முன்பக்கம் ஒரு துளையைச் சுற்றி மட்டும் மஞ்சளாகிப் பழுப்பேறியிருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் ஒரு ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிச் சொட்டியிருக்கிறது. மற்ற இரண்டு ஸ்க்ரூவும் புதிது போல இருக்கின்றன. வீட்டுக்காரர் கேத்தலைக் குற்றம் சொல்வார். ‘கரண்ட் கூடி வந்திட்டுது’ என்றும் சொல்வார். உண்மையில் நடந்தது வேறு. அந்த ஒரு ஸ்க்ரூ இறுக்கமில்லை. வயரின் செம்பு அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அரைகுறைத் தொடுகைக்கு 0.2 ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம்; மிகச் சிறிய அளவு, சாதாரண மல்டிமீட்டர் அதைச் சரியாகக் காட்டக்கூட மாட்டாது. அதன் வழியே 8.8 அம்பியர் போகிறது. ஓட்டத்தை ஓட்டத்தால் பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் வெப்பமாகும் வலு: 8.8 பெருக்கல் 8.8 பெருக்கல் 0.2, ஏறத்தாழ 15 வாட். வீட்டு எல்ஈடி பல்ப் ஒன்று 9 வாட்தான். அதைவிடக் கூடிய வலு, கடுகளவு இடத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள், ஒவ்வொரு தேநீருக்கும் நான்கு நிமிடம் எரிகிறது. சூடேறிய செம்பின் மேல் ஒட்சைட்டுப் படலம் படிகிறது. படலம் படிந்தால் தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு இன்னும் கூடுகிறது. ஒரு நாள் மணக்கத் தொடங்கும். அதற்கு முன் ப்ரேக்கர் விழாது, ஃபியூஸும் போகாது. ஏனென்றால் ஓட்டம் கூடவே இல்லை, 8.8 அம்பியர் அப்படியேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் படித்தவர்களுக்கும் ஒரு குழப்பம் வரும். தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா? கேத்தலுக்கும் ஸ்க்ரூவுக்கும் விடை வேறு. கேத்தலின் சுருள் 230 வோல்ட் முழுவதையும் தானே வாங்குகிறது. ஆகவே தடை குறைந்த சுருள் கூடுதலாக ஓட்டத்தை இழுத்துக் கூடுதலாகச் சூடாகும். 1000 வாட் அயனின் தடை 53 ஓம். 2000 வாட் கேத்தலின் தடை அதில் பாதி. ஸ்க்ரூவோ வேறு கதை. எவ்வளவு ஓட்டம் என்பதைத் தீர்மானிப்பது கேத்தல். ஸ்க்ரூ அதற்கு வழிவிட்டே ஆகவேண்டும். ஆகவே அங்கே தடை கூடக் கூடச் சூடு கூடும். சூத்திரத்தை மனப்பாடம் செய்வதற்கும் அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பதற்கும் உள்ள தூரம் இவ்வளவுதான். அந்தத் தூரத்தில்தான் வீடுகள் எரிகின்றன.

எக்ஸ்டென்ஷன் கோட் விடயமும் இதே கணக்குத்தான். விலை குறைந்த கோட் ஒன்றில் செம்பின் குறுக்குப் பரப்பு அரைச் சதுர மில்லிமீற்றர் இருந்தால், ஐந்து மீற்றர் போய் ஐந்து மீற்றர் திரும்பி வர மொத்தத் தடை 0.34 ஓம். கேத்தலை மட்டும் கொளுவினால் கோட் முழுவதும் 26 வாட் வெப்பம் பரவும். அதோடு அயனையும் போட்டால் ஓட்டம் 13 அம்பியர். ஓட்டம் ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. வெப்பமோ 58 வாட், இரண்டு மடங்குக்கும் மேல். அந்தக் கோட்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாலோ, பாய்க்கு அடியில் விரித்து வைத்தாலோ அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. முதலாம் குறுக்குத் தெருவில் கோட் வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேஸ், எத்தனை மீற்றர் என்றுதான் கேட்கிறார்கள். வயர் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்பவர் அரிது. கடைக்காரரும் தாமாகச் சொல்வதில்லை.

வோல்ட், அம்பியர், தடை மூன்றையும் இணைக்கும் இந்த விதியைக் கண்டவர் பெரிய ஆய்வுகூடத்தில் இருந்தவர் இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த ஜோர்ஜ் சைமன் ஓம், கொலோன் நகரில் பாடசாலை ஆசிரியர். தகப்பனிடம் கற்ற கைத்தொழில் அவருக்கு இருந்தது. கருவிகளைத் தாமே செய்தார். 1827இல் அவர் வெளியிட்ட நூலை அவருடைய நாட்டு அறிஞர்கள் வரவேற்கவில்லை. வெளிநாட்டிலிருந்துதான் மரியாதை வந்தது: 1841இல் லண்டன் ரோயல் சொசைட்டி அவருக்குக் கொப்லி பதக்கம் கொடுத்தது. ஆசிரியர் ஒருவர் கையால் கம்பி இழுத்து, அளந்து கண்ட விடயம் இன்று நம் வகுப்பறைகளில் சோக்குத் துண்டால் மட்டும் எழுதப்படுவது வருத்தத்துக்குரியது.

கிராண்ட்பாஸுக்கு இந்த விதி அந்நியமுமில்லை. 1899இல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியபோது கோட்டையிலிருந்து புறப்பட்ட ஒரு பாதை கிராண்ட்பாஸில் வந்து முடிந்தது. மற்றது பொரளைக்குப் போனது. பௌஸ்டெட் சகோதரர்களின் நிர்வாகத்தில் இருந்த ட்ராம் சேவை 1944இல் மாநகர சபையின் கைக்கு வந்து, 1960இல் நின்றுபோனது. அந்தக் காலத்து ட்ராம்கள் பொதுவாக 500 முதல் 600 வோல்ட் நேரோட்டத்தில் ஓடியவை. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரின் தடை மிகச் சொற்பம். ஓர் ஓம் என்று வைத்தாலும், 500 வோல்ட்டை நேரே கொடுத்தால் 500 அம்பியர் பாய்ந்து சுருளைக் கருக்கிவிடும். ஆகவே இடையில் பெரிய இரும்புத் தடைகளைத் தொடுத்திருந்தார்கள். சாரதி கைப்பிடியைப் படிப்படியாகத் திருப்பத் திருப்ப அந்தத் தடைகள் ஒவ்வொன்றாக விலகும். வண்டி வேகம் பிடிக்கும். கைப்பிடியை ஒரேயடியாகத் திருப்பக்கூடாது என்று சாரதிக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அவர் கையில் இருந்தது ஓமின் விதி.

மாலையில் ‘கரண்ட் டல்லா இருக்கு’ என்று சொல்வார்களே, அதற்கும் கணக்கு உண்டு. இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட்; ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். அதாவது 216க்குக் கீழே போகக்கூடாது. வரிசையின் கடைசி வீட்டில், மெல்லிய வயரால் அது 200 ஆகிவிட்டது என்று வைப்போம். வோல்ட் குறைந்தது 13 வீதம். கேத்தலின் தடை மாறவில்லை. ஆகவே ஓட்டம் 7.6 அம்பியர், வலு 1527 வாட். கால்வாசி வலு போய்விட்டது. ஒன்றரை லீற்றர் தண்ணீர் கொதிக்க மூன்றே முக்கால் நிமிடம் எடுத்தது இப்போது ஐந்து நிமிடம் எடுக்கும். கேத்தல் பழசாகிவிட்டது என்று புதிது வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. வோல்ட்டை அளந்து பார்த்து, வீட்டு வயரில் குறையா, தெருக் கம்பத்திலிருந்தே குறைந்து வருகிறதா என்று பிரித்தறிந்தால், முறைப்பாட்டை உரிய இடத்தில் எண்ணோடு கொடுக்கலாம். ‘லைட் மங்குது’ என்பதைவிட ‘இரவு ஏழரைக்கு 200 வோல்ட்’ என்பதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

எல்லாப் பொருளும் கேத்தல் போல நேர்மையாக நடப்பதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்ப் எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். குளிர்ந்திருக்கும்போது மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுவிட்சைப் போடும் கணத்தில் அவ்வளவு ஓட்டம் பாய்வதால்தான் அந்தப் பல்புகள் போடும்போதே போயின. ஃபேன், ஃப்ரிட்ஜ் போன்ற மோட்டார் பொருட்களில் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கினால் வருவது முழுக்க வாட் ஆகாது, கொஞ்சம் குறையும். சூடாக்கும் பொருட்களுக்கு மட்டும் கணக்கு அச்சொட்டாகப் பொருந்தும். வீடுகளில் ஆபத்தும் செலவும் அவற்றில்தான் கூட.

செலவைப் பார்ப்போம். 2022 ஆகஸ்டில் மின் கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிறகு இறங்கியது, மறுபடி ஏறியது. ஏறினாலும் இறங்கினாலும் வீட்டுப் பாவனையாளருக்கு ஒரு கோடு அப்படியே நிற்கிறது: மாதம் 60 யூனிட். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் 60 யூனிட்டும் வேறு விலைக்குப் போய்விடும், நிலையான கட்டணமும் ஏறும். யூனிட் என்பது 1000 வாட் ஒரு மணி நேரம். நம் கேத்தல் நாளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு நான்கு நிமிடம் வேலை செய்தால் இருபது நிமிடம். மாதத்துக்கு 20 யூனிட். 60இல் மூன்றில் ஒன்று கேத்தலுக்கே போகிறது. 75 வாட் சீலிங் ஃபேன் நாளுக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் இருபத்திரண்டரை. இரண்டும் சேர்ந்து நாற்பத்திரண்டரை. ஃப்ரிட்ஜை இன்னும் எண்ணவில்லை. இரண்டு கோப்பைத் தேநீருக்கு ஒன்றரை லீற்றர் நிரப்பிக் கொதிக்க வைக்கும் பழக்கத்தை விட்டு, வேண்டிய அளவே ஊற்றினால், கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கலாம். பில் கூடிவிட்டது என்று மீட்டரைச் சந்தேகிக்கும் முன் வீட்டில் யாராவது இந்தக் கூட்டலைச் செய்து பார்த்தார்களா?

கடைசியாக, உடம்பு. ஓமுக்கு முன்பே இங்கிலாந்தில் விஞ்ஞானி ஹென்றி கவென்டிஷ் தன் உடம்பையே கருவியாக்கி, மின் அடி எவ்வளவு பலமாக விழுகிறது என்பதை வைத்து ஓட்டத்தை மதிப்பிட்டார். அவர் குறிப்புகளை 1879இல் விஞ்ஞானி மக்ஸ்வெல் பதிப்பித்தபோதுதான் உலகம் அறிந்தது. மனித உடம்பும் ஒரு தடைதான். 230 வோல்ட்டில், நனைந்த கையும் ஈரத் தரையில் வெறுங்காலுமாக நிற்பவருக்கு அது 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230ஐ 1000ஆல் வகுத்தால் 0.23 அம்பியர், அதாவது 230 மில்லி அம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளமாகப் போதும். கேத்தல் எடுக்கும் 8.8 அம்பியரோடு ஒப்பிட்டால் இது ஒரு துளி. ப்ரேக்கர் கவனிக்கவே மாட்டாது. ப்ரேக்கர் வயரைக் காக்கிறது, ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். ஆட்களைக் காக்கப் பூட்டும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டிக்கவேண்டும். களனி கங்கை பெருகும்போதெல்லாம் நாகலகம் வீதி அளவுகோலில் நீர்மட்டம் எத்தனை அடி என்று நாடு முழுவதும் வானொலியில் கேட்கிறது. அந்தத் தண்ணீர் வடிந்த மறுநாள், நனைந்த சுவரில் இருக்கும் பேஸை நம்பி மெயின் சுவிட்சைப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வகுத்தல் தெரிந்திருக்கவேண்டும்.

விஞ்ஞான ஆசிரியர்களிடம் கேட்பது பெரிய செலவுள்ள காரியமில்லை. மின் பாடம் வரும் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள ஐந்து பொருட்களின் அடியில் எழுதியிருப்பதைப் பார்த்து எழுதி வரட்டும். அம்பியரையும் ஓமையும் வகுப்பில் கண்டுபிடிக்கட்டும். வீட்டுப் பில்லையும் கொண்டுவந்து கூட்டிப் பார்க்கட்டும். கோட் விற்கும் கம்பனிகள் உறையின் மேல் உச்ச வாட் எவ்வளவு, செம்பு எத்தனை சதுர மில்லிமீற்றர் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக அச்சிடவேண்டும். அச்சிடாத கோட்டை விற்க விடக்கூடாது. பழைய தோட்ட வீடுகளின் வயரிங்கைப் பரிசோதிக்க மாநகர சபையும் மின் விநியோக நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் போடவேண்டும். புதிய அடுக்குமாடிகளைக் கட்டிக் கொடுக்கும் அரசுக்கு, பழைய சுவர்களுக்குள் இருக்கும் செம்பைப் பற்றியும் பொறுப்பு உண்டு.

அதெல்லாம் நடக்கும்வரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இன்றைக்கே கேத்தலின் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இருக்கும் வாட்டை 230ஆல் வகுங்கள். வரும் அம்பியர், அதைக் கொளுவும் பேஸில் எழுதியிருக்கும் அம்பியரை விடக் கூடவா என்று பாருங்கள். நாளைக் காலையில் தண்ணீர் கொதித்து முடிந்ததும் சுவிட்சை நிறுத்தி, பிளக்கின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், அந்தப் பேஸில் மறுபடி எதையும் கொளுவ வேண்டாம்; நல்ல வயரிங் பாஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்போது மெயின் போர்டில் உள்ள ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் ஒரு தடவை அழுத்தச் சொல்லுங்கள். அழுத்தியும் அது விழாவிட்டால், அன்றே அதை மாற்றிவிடுங்கள்.